ஜான் லாய்ட் ஸ்டீபன்ஸ்

ஜான் லாய்ட் ஸ்டீபன்ஸ் (நவம்பர் 28, 1805 - அக்டோபர் 13, 1852) அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சேர்ந்த வழக்கறிஞரும் பயண நூலாசிரியரும் ஆவார். நடு அமெரிக்காவிலும் யுகட்டான் தீபகற்பத்திலும் காடு மூடிக் கிடந்த மாயா நகரங்களை நேரில் கண்டு எழுதியதன் மூலம் இவர் அறியப்படுகின்றார். அந்நகரங்களை எழுப்பியவர்கள் அம்மண்ணின் மக்களுடைய முன்னோர்களே என்ற கருத்தைச் சான்றுகளுடன் முன்வைத்தவர்களுள் இவர் முதன்மையானவர்.

இளமையும் தொடக்கப் பயணங்களும்

ஸ்டீபன்ஸ் நியூ ஜெர்சியில் ஒரு வணிகரின் மகனாகப் பிறந்து, நியூயார்க் நகரில் வளர்ந்தார். 1822 ஆம் ஆண்டில் கொலம்பியா கல்லூரியில் பட்டம் பெற்றார். பின்னர் சட்டம் பயின்று, நியூயார்க்கில் சுமார் எட்டு ஆண்டுகள் வழக்கறிஞராகத் தொழில் செய்தார். தொண்டை நோய் காரணமாக மருத்துவர் கூறிய ஆலோசனையை ஏற்று 1834 இல் வெளிநாட்டுப் பயணம் மேற்கொண்டார். ஐரோப்பா, எகிப்து, பாலஸ்தீனம் ஆகிய இடங்களுக்கும் பாலைவன நகரமான பெட்ராவுக்கும் சென்றார். இப்பயணங்களைப் பற்றி 1837, 1838 ஆம் ஆண்டுகளில் வெளிவந்த இரு நூல்களும் பெரும் வரவேற்பைப் பெற்றன.

கோப்பான்

1839 இல் குடியரசுத் தலைவர் மார்ட்டின் வான் பியூரன், நடு அமெரிக்கக் கூட்டாட்சிக்கான சிறப்புத் தூதராக இவரை நியமித்தார். அவ்வேளையில் அக்கூட்டாட்சி உள்நாட்டுப் போரினால் சிதறிக் கொண்டிருந்தது. தமது நியமனப் பத்திரத்தை ஒப்படைப்பதற்கு உரிய அரசு ஒன்றை இவரால் காண இயலவில்லை. எனினும் இப்பதவி, பாழடைந்த நகரங்களைத் தேடிச் செல்ல இவருக்கு வாய்ப்பளித்தது. இலண்டனில் பிறந்த கட்டடக் கலைஞரும் ஓவியருமான பிரெடெரிக் கதர்வுட் இவருடன் சென்றார்.

1839 நவம்பரில் இருவரும் இன்றைய ஹொண்டுராஸ் நாட்டிலுள்ள கோப்பானை அடைந்தனர். அடர்ந்த காட்டினுள் ஆளுயரத்தை விஞ்சிய சிற்பத் தூண்கள் நின்றன. கண்டு பழகிய எந்தக் கலைமரபையும் ஒத்திராத அச்சிற்பங்களை வரைவது கதர்வுட்டுக்கு முதலில் கடினமாக இருந்தது. கொசுக்கடிக்குத் தப்பக் கையுறை அணிந்து, சேற்றில் நின்று அவர் வரைந்தார். காட்சி தாள்மேல் இருப்பது போல வரைபவரின் கண்ணுக்குத் தோன்றச் செய்யும் 'கேமரா லூசிடா' என்னும் ஒளியியல் கருவி அவருக்கு உதவியது.

அந்நிலத்தை வைத்திருந்தவரிடமிருந்து இடிபாடுகளை ஸ்டீபன்ஸ் 50 டாலருக்கு வாங்கினார். பேரத்தின்போது அவரை நம்ப வைக்கத் தூதருக்குரிய மேலங்கியை அணிந்து கொண்டார். சிற்பங்களை நியூயார்க்குக்குக் கொண்டு செல்லும் இவரது திட்டம் நிறைவேறவில்லை. அவை கோப்பானிலேயே தங்கின. 1980 இல் அவ்விடம் உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டது.

பலெங்கேயும் யுகட்டானும்

1840 இல் இருவரும் மெக்சிகோவிலுள்ள பலெங்கே, உஷ்மால் ஆகிய இடங்களுக்குச் சென்றனர். கதர்வுட் காய்ச்சலால் நலிவுற்றதால் நாடு திரும்பினர். இப்பயணத்தைப் பற்றிய நூல் 1841 இல் இரு தொகுதிகளாக வெளிவந்தது. அதே ஆண்டு மீண்டும் யுகட்டான் சென்று சிச்சென் இட்சா, கபா, லப்னா, துலும் உள்ளிட்ட 44 இடங்களைப் பார்வையிட்டனர். தொடக்ககால ஒளிப்படக் கருவியான டாகரோடைப்பையும் பயன்படுத்திப் பார்த்தனர். அது நிறைவளிக்காததால் கதர்வுட் ஓவியத்தையே தொடர்ந்தார். இதன் விவரங்கள் 1843 இல் நூலாக வெளிவந்தன.

இப்பயணங்களில் திரட்டிய மர உத்தரச் சிற்பங்கள் உள்ளிட்ட பல பொருட்கள், 1842 சூலையில் நியூயார்க் காட்சிக்கூடத்தில் ஏற்பட்ட தீயில் அழிந்தன. அவற்றை எடுத்து வராமல் இருந்திருந்தால் அவை எஞ்சியிருக்கக்கூடும் என்பதால், இச்செயல் பின்னாளில் குறைகூறப்பட்டது.

கட்டியவர் யார்?

ஸ்டீபன்ஸ் இந்நகரங்களைக் கண்டுபிடித்தவர் அல்லர். உள்ளூர் மக்கள் அவற்றை அறிந்திருந்தனர். ஸ்பானிய அலுவலர்கள் சிலரும் முன்னரே சென்று எழுதியிருந்தனர். ஆனால் எகிப்தியர், பினீசியர், காணாமற்போன இஸ்ரயேல் குலத்தவர் ஆகியோருள் எவரேனும் இவற்றைக் கட்டியிருக்க வேண்டும் என்ற ஊகங்களே அக்காலத்தில் பரவியிருந்தன. அமெரிக்கத் தொல்குடிகளுக்கு இத்திறன் இருந்திருக்க முடியாது என்ற எண்ணமே இவ்வூகங்களுக்கு அடிப்படையாகும்.

எகிப்தை நேரில் கண்டிருந்த ஸ்டீபன்ஸ் இரண்டையும் ஒப்பிட்டு, வடிவிலும் பயனிலும் அவை வேறுபட்டவை எனக் காட்டினார். கோப்பானிலும் பலெங்கேயிலும் உள்ள எழுத்துகள் ஒரே வகையின என்றும், அவற்றில் அந்நகரங்களின் வரலாறு பொறிக்கப்பட்டுள்ளது என்றும் கருதினார். 20 ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அறிஞர் பலர் அவை காலக்கணிப்பும் சமயமும் பற்றியவை மட்டுமே என்றனர். 1960 இல் தாத்தியானா புரோஸ்கோரியகோப், அவை அரசர்களின் வரலாற்றைக் கூறுவதை நிறுவினார். ஸ்டீபன்சின் கருத்து ஒரு நூற்றாண்டிற்குப் பின் உறுதியாயிற்று.

இறுதிக் காலம்

1849 இல் தொடங்கப்பட்ட பனாமா தொடருந்து நிறுவனத்தின் நிறுவனர்களுள் இவரும் ஒருவர். பின்னர் அதன் தலைவராகவும் இருந்தார். பனாமாவில் தங்கிப் பணியாற்றியபோது உடல்நலம் குன்றி, நியூயார்க் திரும்பி 46 ஆவது வயதில் காலமானார். இவர் திருமணம் செய்து கொள்ளவில்லை. ஆயிரக்கணக்கான தொழிலாளர்களின் உயிரைப் பலிகொண்ட அத்தொடருந்துப் பாதை 1855 சனவரியில் நிறைவுற்றது. நண்பர் கதர்வுட் 1854 இல் ஆர்க்டிக் என்னும் நீராவிக் கப்பல் மூழ்கியபோது உயிரிழந்தார்.