பொறியியல் அறிஞர் விசுவேசுவரய்யா

நோயுற்றார்க்கு மருத்துவரும் வழக்குற்றார்க்கு வழக்கறிஞரும் துணையாவர். அவ்வாறே அணையும் பாலமும் குடிநீர்க் குழாயும் அமைக்க விழையும் அரசுகளுக்கும் நகராட்சிகளுக்கும் துணையாகும் அறிஞரும் உளர். அவரை ஆலோசனைப் பொறியாளர் என்பர். இக்காலத்தில் பொறியாளர் பலர் ஒன்றுகூடி, நிறுவனங்களாக அமைந்து இத்தொழிலை நடத்துகின்றனர். வணிகரிடம் விற்பதற்குச் சரக்கு உண்டு. உழவரிடம் நெல் உண்டு. ஆலோசனை கூறுவோரிடமோ அறிவும் நேர்மையும் அல்லது வேறு கைம்முதல் இல்லை. இவ்விரண்டும் பழுதற்றன என்று பிறர் நம்பினாலன்றி அவரைத் தேடி ஒருவரும் வாரார். அந்நம்பிக்கையைத் தம் வாழ்நாள் முழுவதும் சிறிது சிறிதாக ஈட்டி, அதனாலேயே உயர்ந்தவர் மோட்சகுண்டம் விசுவேசுவரய்யா ஆவார்.

இளமையும் கல்வியும்

மைசூர் நாட்டில் சிக்கபள்ளாப்பூருக்கு அருகே முத்தேனஹள்ளி என்னும் சிற்றூர் உளது. விசுவேசுவரய்யா அவ்வூரில் 1861ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் பிறந்தார். தந்தையார் சீனிவாச சாஸ்திரி வடமொழிப் புலவர், தாயார் வேங்கடலட்சுமம்மாள். மோட்சகுண்டம் என்பது ஆந்திர நாட்டில் இவர்தம் முன்னோர் வாழ்ந்த ஊர். இளமையிலேயே தந்தையை இழந்தமையால் வறுமை இவரை வாட்டியது. பெங்களூரில் மாணவர்க்குப் பாடஞ் சொல்லிக் கொடுத்து, அவ்வருவாயைக் கொண்டே தாம் மத்தியக் கல்லூரியில் பயின்றார். அக்கல்லூரி அந்நாளில் சென்னைப் பல்கலைக் கழகத்தைச் சார்ந்திருந்தது. 1881இல் இளங்கலைப் பட்டம் பெற்ற இவர், மைசூர் அரசின் உதவித்தொகையால் பூனாவுக்குச் சென்று பொறியியல் கற்று, 1883இல் பம்பாய் மாகாணத்திலேயே முதல்வராகத் தேறினார். அடுத்த ஆண்டே அம்மாகாணப் பொதுப்பணித் துறையில் உதவிப் பொறியாளரானார்.

அரசுப் பணி

சிந்து ஆற்றங்கரையிலுள்ள சுக்கூர் நகருக்குக் குடிநீர் வழங்கும் பொறுப்பு இவரிடம் வந்தது. ஆற்றுநீரோ பெரிதும் கலங்கல். அதனைத் தெளிவிக்கும் வடிகட்டிகளை அமைக்க நகராட்சியிடம் பொருள் இல்லை. விசுவேசுவரய்யா ஆற்றுப் படுகையிலேயே கிணறு தோண்டச் செய்து, மணலினூடே ஊறிவந்த தெளிந்த நீரைப் பயன்படுத்தினார். இயற்கையே வடிகட்டியாயிற்று; செலவும் சுருங்கிற்று. பணம் செலுத்துவோரின் ஆற்றலறிந்து வழி கூறுதலே நல்ல ஆலோசனை என்பதை இவர் இளமையிலேயே உணர்ந்திருந்தார்.

கால்வாய்ப் பாசனத்திலும் இவர் கருத்துச் செலுத்தினார். தலைமடையில் உள்ளார் நீரை மிகுதியாகக் கொள்வதும், கடைமடையில் உள்ளார் வாடுவதும் எந்நாட்டிலும் காணும் காட்சியன்றோ? விசுவேசுவரய்யா நிலங்களைத் தொகுதி தொகுதியாகப் பிரித்தார். ஒரு பகுதியில் கரும்பு போன்று நீர் மிக வேண்டும் பயிரும், ஏனைய பகுதிகளில் குறைந்த நீரில் விளையும் பயிர்களும் முறை மாற்றிப் பயிரிடுமாறு வகுத்தார். இதனால் ஒரே அளவு நீர் மேலும் பல ஊர்களுக்குப் பயன்பட்டது. பூனாவுக்கு அருகிலுள்ள பைஃப் ஏரியில், நீர் குறித்த மட்டத்தைக் கடந்தால் தாமே திறந்து, மட்டம் தாழ்ந்ததும் தாமே மூடிக்கொள்ளும் கதவுகளை 1903இல் அமைத்தார். கரையை உயர்த்தாமலே ஏரியின் கொள்ளளவு பெருகிற்று.

துணிவான முடிவு

இவ்வளவு திறமை இருந்தும் ஒரு தடை குறுக்கே நின்றது. பம்பாய் மாகாணத்தின் தலைமைப் பொறியாளர் பதவி அந்நாளில் ஆங்கிலேயர்க்கே உரியதாயிருந்தது. இந்தியர் ஒருவர் அதனை அடைதல் அரிது என்பதை விசுவேசுவரய்யா அறிந்தார். முழு ஓய்வூதியம் பெறுதற்குரிய காலம் நிறையுமுன்பே, 1908இல், தாமாகவே பணியினின்று விலகினார். திங்கள்தோறும் தவறாது வரும் ஊதியத்தைத் துறந்து, நாளை யார் அழைப்பார் என்று அறியாத நிலைக்கு வருதல் எளிய செயலன்று. எனினும் அவர் தளர்ந்திலர். தம் பொருளைச் செலவிட்டு மேலை நாடுகளுக்குச் சென்று, அங்குள்ள அணைகளையும் நீர்த்திட்டங்களையும் தொழிற்சாலைகளையும் நேரிற் கண்டு பயின்றார்.

மூசி ஆற்றின் வெள்ளம்

அவர் வெளிநாட்டில் இருந்தபோது, ஐதராபாத்து நகரில் பெருந்துயர் நிகழ்ந்தது. 1908 செப்டம்பர் 28ஆம் நாள் மூசி ஆறு கரைகடந்து நகருட் புகுந்தது. பாலங்கள் இடிந்தன, வீடுகள் மண்ணாயின, ஆயிரக்கணக்கானோர் உயிரிழந்தனர். நிசாம் அரசு, நகரைச் சீரமைக்கவும் வெள்ளம் மீண்டும் வாராது காக்கவும் வழி கூறுமாறு விசுவேசுவரய்யாவைத் தந்தி வாயிலாக வேண்டிற்று. தம் பயணத்தை முடித்துக்கொண்டு அவர் 1909 ஏப்ரல் திங்களில் ஐதராபாத்து சேர்ந்தார்.

நகருள் இடிந்தவற்றைக் கண்டதோடு அவர் நின்றுவிடவில்லை. வெள்ளம் எங்கிருந்து, எவ்வாறு வந்தது என்று ஆராய ஆற்றின் மேற்பகுதிக்குச் சென்றார். நகருக்கு மேலே ஏறத்தாழ 860 சதுர மைல் பரப்பில் பெய்யும் மழையே ஆற்றில் வந்து கூடுகிறது என்பதும், அப்பரப்பில் 788 ஏரிகள் உள்ளன என்பதும் தெரிந்தன. பெருமழையில் அவற்றுள் 221 ஏரிகள் உடைந்திருந்தன. மேலேரி உடைந்த நீர் கீழேரியைத் தாக்க, அதுவும் உடைய, இவ்வாறு திரண்ட நீரே நகரை அழித்தது.

சென்னைக்கு மேற்கே குத்தம்பாக்கம், செம்பரம்பாக்கம் முதலிய ஊர்களைச் சூழ்ந்து வாழும் மாணவர்க்கு இது புதிதாகத் தோன்றாது. அப்பகுதியும் ஏரிகள் நிறைந்த நாடே. செம்பரம்பாக்கம் ஏரியின் மிகுநீர் அடையாற்றில் சேர்ந்து சென்னை நகரின் வழியே கடலுக்குச் செல்கிறது. 2015 டிசம்பர் திங்களில் பெய்த பெருமழையின்போது அவ்வாறு பெருகி நகரின் பல பகுதிகளை மூழ்கடித்ததைப் பெரியோர் இன்றும் நினைவுகூர்வர். நகரைக் காக்க விரும்புவோர் நகரின் எல்லைக்கு அப்பாலுள்ள ஏரியையும் கரையையும் கலங்கலையும் அறிதல் வேண்டும் என்பதே விசுவேசுவரய்யா கண்ட உண்மை.

ஆற்றங்கரையை உயர்த்துதல் மட்டும் போதாது என்றும், மேலே மூசி ஆற்றிலும் அதன் கிளையாகிய ஈசி ஆற்றிலும் இரு பெரு நீர்த்தேக்கங்களை அமைத்து வெள்ளத்தைத் தடுத்து நிறுத்துதல் வேண்டும் என்றும் அவர் அறிக்கை தந்தார். செலவு மிகும் இத்தகைய செய்தியைக் கூறினால் கேட்போர் மனம் சுளிக்கலாம். மறுமுறை அழையாமலும் போகலாம். ஆயினும் உண்மையைக் குறைத்துக் கூற அவர் உடன்பட்டிலர். அரசு அவ்வறிவுரையை ஏற்றது. 1920இல் உசுமான் சாகரும், 1927இல் இமாயத் சாகரும் நிறைவெய்தின. வெள்ளத்தைத் தடுத்ததோடு, அவை நகருக்குக் குடிநீரும் அளித்தன. முதற்பணியின் நேர்மையைக் கண்ட அவ்வரசு, கழிவுநீர்த் திட்டத்திற்காகப் பிற்காலத்தில் மீண்டும் அவரையே அழைத்தது.

மைசூர்ப் பணி

1909ஆம் ஆண்டின் இறுதியில் மைசூர் அரசு அவரைத் தலைமைப் பொறியாளராக ஏற்றது. பதவியை ஏற்குமுன், நாட்டில் கல்வியும் தொழிலும் வளர்வதற்கு அரசு துணை நிற்குமா என்று கேட்டறிந்த பின்னரே அவர் இசைந்தார். காவிரியின் குறுக்கே கண்ணம்பாடியில் பேரணை கட்டத் திட்டமிட்டார். நிதித்துறையினர் செலவு கண்டு அஞ்சினர். விசுவேசுவரய்யா கணக்கைக் கொண்டே அவர்க்கு விடையிறுத்தார். அணையினால் ஆண்டு முழுவதும் ஆற்றில் நீர் ஒழுங்காக வரும். சிவசமுத்திர மின்நிலையத்தில் மின்சாரம் தடையின்றி விளையும். அதனைக் கோலார் தங்கச் சுரங்கங்கள் விலைகொடுத்துப் பெறும். பாசனமும் பெருகும் என்று வரவையும் செலவையும் நிறுத்துக் காட்டினார். 1911இல் அணைப்பணி தொடங்கிற்று. ஆயிரக்கணக்கான தொழிலாளர் உழைப்பால், சுண்ணாம்பும் செங்கற்பொடியும் கலந்த சாந்தினைக் கொண்டு எழுந்த அவ்வணை, கிருட்டிணராச சாகரம் என்னும் பெயர் பெற்றது. காவிரி நீர் பற்றி மைசூருக்கும் சென்னைக்கும் எழுந்த கருத்து வேறுபாட்டின் பின் 1924இல் உடன்படிக்கை ஏற்பட்டது. அதன்பின் நம் நாட்டில் மேட்டூர் அணையும் 1934இல் நிறைவுற்றது.

1912 முதல் 1918 வரை மைசூரின் திவானாக விளங்கிய காலத்தில், மைசூர் வங்கியும் மைசூர்ப் பல்கலைக் கழகமும் தோன்றின. பதவியினின்று விலகிய பின்னரும் அவர் உழைப்பு ஓயவில்லை. பத்திராவதி இரும்பாலை நட்டத்தில் தத்தளித்தபோது, 1923 முதல் 1929 வரை அதன் குழுத் தலைவராயிருந்து, செலவைக் கண்காணித்தும் இந்திய இளைஞரைப் பயிற்றியும் அதனை நிலைபெறச் செய்தார். அப்பணிக்காகத் தமக்குச் சேரவேண்டிய பொருளைத் தாம் கொள்ளாது, இளைஞர்க்குக் கைத்தொழில் பயிற்றும் ஒரு கழகத்திற்கு உதவுமாறு செய்தார். அக்கழகத்திற்குத் தம் பெயரை இடுதலையும் அவர் விரும்பவில்லை. அது மைசூர் இளவரசர் சயசாமராசேந்திரர் பெயரால் பெங்களூரில் அமைந்தது.

முதுமையிலும் ஓயாத உழைப்பு

ஒரிசா நாட்டின் வெள்ளக் கொடுமை பற்றிக் காந்தியடிகள் வேண்டியபோது, அவர் அங்குச் சென்று ஆராய்ந்து, மகாநதியில் நீர்த்தேக்கம் அமைத்தலை வற்புறுத்தினார். பின்னாளில் 1957இல் அங்கு ஈராகுட் அணை திறக்கப்பெற்றது. பீகாரில் கங்கைக்குக் குறுக்கே பாலம் அமைக்கத் தக்க இடம் யாது என்று ஆராய்ந்தபோது அவர்க்கு வயது தொண்ணூறு கடந்திருந்தது. அவ்வயதிலும் இடத்தை நேரிற் காணாமல் கருத்துரைக்க அவர் விரும்பவில்லை. மொகாமாவில் எழுந்த அப்பாலம் 1959இல் திறக்கப்பெற்றது. இந்திய அரசு 1955இல் பாரத ரத்தினம் என்னும் விருதினை அவர்க்கு வழங்கிற்று. நூறாண்டு நிறைவாக வாழ்ந்து, 1962 ஏப்ரல் திங்களில் அவர் இயற்கை எய்தினார். அவர் பிறந்த செப்டம்பர் 15ஆம் நாளை இந்தியா பொறியாளர் நாளாகக் கொண்டாடுகிறது.

முடிவுரை

விசுவேசுவரய்யா தம் திறமையைப் பறைசாற்றிப் பணி தேடியவர் அல்லர். ஒரு பணியைச் செம்மையாக முடித்தார். அப்பணியே அடுத்த பணியை அவரிடம் அழைத்து வந்தது. காரணத்தை நேரிற் கண்டறிந்த பின்னரே கருத்துரைத்தார், செலவை மறைத்திலர், கேட்போர்க்கு இனியதைக் கூறாது நாட்டுக்கு நன்மையானதைக் கூறினார். எத்தொழிலை மேற்கொள்ள விரும்பும் மாணவரும் இவ்வழியைப் பின்பற்றலாம். பிறர் நம்பிக் கேட்கும்போது உண்மை கூறுவோர்க்குப் பணி குறைவதில்லை.