சின்ன யந்திரத்தின் பெரிய சரித்திரம்

மன்னர்களும் கோடீசுவரர்களும் ஏறிச் சென்ற பெரிய மோட்டார் வண்டிகளைப் போற்றிப் பாதுகாக்க எல்லாத் தேசங்களிலும் ஆட்கள் உண்டு. தொழிலாளியும் குமாஸ்தாவும் ஓட்டிய சிறு மோட்டார் சைக்கிள்களோ, உழைத்து ஓய்ந்தபின் பழைய இரும்புக் கடைக்கே போய்ச் சேர்ந்தன. தப்பிப் பிழைத்தவற்றைத் தேடியெடுத்துப் பழுது தீர்த்து மீண்டும் ஓடச் செய்வோரைப் பொழுதுபோகாத மனிதர்கள் என்று சிலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் தவறு என்பதே நமது அபிப்பிராயம். யோர்கன் ஸ்காஃப்டெ ராஸ்முஸ்ஸெனின் வாழ்க்கை அதற்குச் சான்று.

ராஸ்முஸ்ஸென் 1878-ஆம் வருஷம் டென்மார்க்கிலுள்ள நாக்ஸ்கோவ் நகரில் பிறந்தவர். ஜெர்மனியில் சாக்ஸனிப் பிரதேசத்து மிட்வைடாவில் யந்திரக் கல்வி பயின்றார். 1906-ல் சோப்பாவ் என்னும் சிற்றூரில் கைவிடப்பட்டுக் கிடந்த துணி ஆலையை வாங்கித் தொழில் நடத்தினார். 1916-ல் நீராவியால் ஓடும் மோட்டார் வண்டியைச் செய்ய முயன்று தோல்வியுற்றார். அந்த வண்டிக்குரிய ஜெர்மன் சொல்லின் எழுத்துக்களான டி.கே.டபிள்யூ. மட்டுமே மிஞ்சியது. தோல்வியின் பெயரையே அவர் தமது வெற்றிக்கும் சூட்டினார்.

ஹூகோ ரூப்பே என்ற எஞ்சினியர் அமைத்த டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் முதலில் சிறுவர் விளையாட்டுப் பொருளாக இருந்தது. அதையே பெரிதாக்கி, 118 சி.சி. அளவில், சைக்கிளில் பொருத்தும் துணை எஞ்சினாக ராஸ்முஸ்ஸென் விற்றார். அதில் வால்வுகள் இல்லை. ஓடும் உறுப்புக்கள் சிலவே. பெட்ரோலுடன் எண்ணெயைக் கலந்து ஊற்றினால் போதும். யுத்தத்தால் நொந்த ஜனங்கள் வாங்கக்கூடிய வாகனம் அதுவே என்பதை அவர் உணர்ந்தார். தவணை முறையில் விற்று ஏழைக்கும் எட்டச் செய்தார். 1920-களின் இறுதியில் சோப்பாவ் ஆலை உலகத்திலேயே மிகப் பெரிய மோட்டார் சைக்கிள் ஆலையாக விளங்கிற்று.

ஆனால் கடன் சுமையும் உலக வியாபார மந்தமும் அவரை நெருக்கின. 1932-ல் ஆடி, டி.கே.டபிள்யூ., ஹார்ஹ், வாண்டரர் ஆகிய நான்கும் ஆட்டோ யூனியன் என ஒன்றாயின. நான்கு வளையச் சின்னம் அதன் அடையாளமே. 1934-ல் ராஸ்முஸ்ஸென் நிர்வாகத்திலிருந்து நீக்கப்பட்டார். தாம் கட்டிய வீட்டிலிருந்து தாமே வெளியேற நேர்ந்த அவர், 1964-ல் கோபன்ஹேகனில் காலமானார்.

அவருக்குப் பின், ஹெர்மன் வெபர் அமைத்த ஆர்.டி. 125 அந்த ஆலையிலிருந்து வந்தது. இரண்டாம் உலக யுத்தம் முடிந்ததும் வெற்றி பெற்ற தேசங்கள் அதைப் பிரதி செய்தன. ரஷ்யாவின் மாஸ்க்வா, பிரிட்டனின் பி.எஸ்.ஏ. பேன்டம், அமெரிக்க ஹார்லி டேவிட்சனின் 125 சி.சி. வண்டி ஆகியவை அதன் சந்ததிகளே. பிற்காலத்தில் நமது தெருக்களிலும் பழக்கமான யாமஹாவின் முதல் மோட்டார் சைக்கிளும் (1955) அதைப் பின்பற்றியதே. பேன்டம் எஞ்சினையும் ஆர்.டி. எஞ்சினையும் பக்கத்தில் பக்கமாகப் பிரித்து வைத்தால், ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பமாக இருப்பது விளங்கும். இவ்வுண்மைக்கு இரும்பே சாட்சி.

அந்தச் சாட்சியைக் காப்பது எளிதன்று. கிராங்க் அறையில் காற்றுக் கசிந்தால் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் சரிவர ஓடாது. நெடுநாள் கிடந்த வண்டியிலோ சீல்கள் இறுகிப் போயிருக்கும். தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து, அதற்கேற்ற பிஸ்டனைத் தேட வேண்டும். கிடையாவிடில் புதிதாகச் செய்ய வேண்டும். பளபளப்புக்காக இல்லாத உறுப்பைச் சேர்ப்பதும், முதல் வர்ணத்தைச் சுரண்டி எறிவதும் பழைய பத்திரத்தின் எழுத்தைத் திருத்துவதற்கு ஒப்பாகும்.

அரசர்களின் சரித்திரத்தை எழுதப் புலவர்கள் இருந்தனர். உழைப்பாளியின் சரித்திரம் இத்தகைய துருப்பிடித்த இரும்பிலேதான் எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே, கொட்டகை மூலையில் கிடக்கும் சிறு வண்டியை எடைக்குப் போடுமுன், அதைப் படித்தறியக் கூடியவர் ஒருவரிடம் காட்டுவது நமது கடமையாகும்.