தவிட்டில் ஒளிந்த உயிர்ச்சத்து

பாதம் மரத்துப்போகும், கால் தள்ளாடும், ஈற்றில் இதயமும் சோர்ந்து உயிர் பிரியும். பெரிபெரி என்னும் இந்நரம்பு நோய், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், டச்சுக்காரர் ஆட்சியிலிருந்த ஜாவாத் தீவில் படைவீரரையும் சிறைக்கைதிகளையும் வாட்டி வந்தது. அதன் காரணத்தைக் காண வழி திறந்தவர் கிறிஸ்டியான் ஐக்மன் ஆவார்.

ஐக்மன் 1858ஆம் ஆண்டு ஹாலந்து நாட்டில் பிறந்தார். 1883இல் இராணுவ மருத்துவராகக் கீழ்த்திசைத் தீவுகளுக்குச் சென்றார். மலேரியா நோய் இரண்டே ஆண்டுகளில் அவரைத் தாயகத்திற்குத் திருப்பியது. 1886இல் அவருடைய இளம் மனைவியும் இறந்தார். துயரை உள்ளடக்கிக்கொண்டு, பெர்லினில் ராபர்ட் காக்கிடம் கிருமியியல் கற்றார். பின் பெரிபெரியை ஆராயச் சென்ற குழுவினருடன் மீண்டும் ஜாவாவை அடைந்தார். 1888இல் பட்டேவியா நகரத்து ஆராய்ச்சிக்கூடத்திற்குத் தலைவரானார்.

கிருமியே காரணம் என்று மற்றவரைப் போல அவரும் நம்பினார். அவர் வளர்த்த கோழிகள் கால் துவண்டு விழுந்தன. ஆனால், நோய்க்கிருமி செலுத்தப்படாத கோழிகளும் அவ்வாறே விழுந்தன! நவம்பர் மாத இறுதியில் அவை தாமாகவே நலம் பெற்றன. ஐக்மன் தீவனத்தைப் பற்றி விசாரித்தார். ஜூன் மாதம் முதல் மருத்துவமனைச் சமையலறையிலிருந்து வந்த தீட்டிய அரிசிச் சோறே கோழிகளுக்கு இடப்பட்டிருந்தது. புதிதாக வந்த சமையற்காரர், படைவீரர் சோற்றை ஊர்க் கோழிகளுக்குத் தர மறுத்துவிட்டார். அவருடைய சிக்கனமே பேருதவியாயிற்று. தீட்டிய அரிசி நோயைத் தந்தது. தவிடு அதனைத் தீர்த்தது.

மனிதரிடத்தும் இஃது உண்மையா? 101 சிறைச்சாலைகளின் உணவை வோர்டர்மன் என்னும் மருத்துவ அதிகாரி ஆராய்ந்து, 1897இல் முடிவை வெளியிட்டார். தீட்டிய அரிசி வழங்கிய 51 சிறைகளில் 36இல் பெரிபெரி இருந்தது. தவிடு நீங்கா அரிசி வழங்கிய 37 சிறைகளில் ஒன்றில் மட்டுமே இருந்தது.

ஆயினும் ஐக்மன் ஒன்றில் பிழைபட்டார். அரிசி மாவில் நஞ்சு உண்டென்றும், தவிடு அதற்கு மாற்றென்றும் எண்ணினார். நஞ்சு ஏதுமில்லை, உணவில் இன்றியமையாத பொருளொன்று குறைவதே நோய் என்று 1901இல் தெளிந்தவர், அவருக்குப் பின் அப்பணியை ஏற்ற கிரைன்ஸ். அப்பொருளை 1926இல் யான்சனும் டோனத்தும் அதே நகரில் பிரித்தெடுத்தனர். அதுவே வைட்டமின் பி1. உடல் சர்க்கரையை ஆற்றலாக மாற்ற இது வேண்டும். சர்க்கரையை மிகுதியும் நம்பி இயங்கும் நரம்புகள், இது குறைந்தால் முதலில் தளர்கின்றன.

நீரிழிவு நோயாளரின் பாதம் மரத்துப்போவதற்குப் பெரிதும் காரணம், இரத்தத்தில் சர்க்கரை நெடுநாள் மிகுந்திருப்பதே. எனினும் வைட்டமின் பி12 குறைந்தாலும் அதே குறி தோன்றும். மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல்லாண்டு உண்பவரிடம் அக்குறைவு நேர்வதுண்டு. ஆதலின் மருத்துவர் அதனையும் சோதித்தறிகின்றனர்.

1929இல் ஐக்மனுக்கும் ஆங்கிலேயரான ஹாப்கின்ஸுக்கும் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. நோயுற்றிருந்த ஐக்மன் ஸ்டாக்ஹோம் நகரம் செல்ல இயலவில்லை. அடுத்த ஆண்டு உட்ரெக்ட் நகரில் அவர் காலமானார்.