ஜெயிச்ச நாடுதான் அடுத்த ரேஸை நடத்தணும்! கார் பந்தயத்தை ஊர் ஊராக அலைய வைத்த கார்டன் பென்னட் யார்?

ஒரு பெரிய கார் ரேஸை எந்த ஊரில் நடத்துவது? இன்றைக்கு இது பெரும்பாலும் பணக் கணக்கு. ஆனா 120 வருஷத்துக்கு முன்னாடி கதையே வேற. போன ரேஸில் எந்த நாட்டு கார் ஜெயித்ததோ, அந்த நாடுதான் அடுத்த ரேஸை நடத்த வேண்டும். அதுதான் ரூல்.

1902-ல் பிரிட்டன் ஜெயித்தது. கொண்டாட்டம் முடிந்த பிறகுதான் தலைவலியே ஆரம்பித்தது. காரணம், பிரிட்டன் சாலைகளில் கார்கள் மணிக்கு 12 மைல், அதாவது சுமார் 19 கிலோ மீட்டருக்கு மேல் போகக்கூடாது என்பது அப்போதைய சட்டம். சைக்கிளில் கொஞ்சம் அழுத்தி மிதித்தாலே தாண்டிவிடும் வேகம் அது. அங்கே எப்படி ரேஸ் நடத்துவது?

இந்தச் சிக்கலுக்குக் காரணமான கோப்பையைக் கொடுத்தவர் ரேஸ் டிரைவரும் இல்லை, கார் கம்பெனி ஓனரும் இல்லை. ஒரு அமெரிக்க பத்திரிகை முதலாளி. பெயர் ஜேம்ஸ் கார்டன் பென்னட் ஜூனியர்.

அப்பா சேர்த்த சொத்து, பிள்ளை செய்த செலவு

1841 மே 10-ல் நியூயார்க்கில் பிறந்தவர் பென்னட். ஸ்காட்லாந்தில் இருந்து அமெரிக்கா போய் 1835-ல் 'நியூயார்க் ஹெரால்டு' நாளிதழைத் தொடங்கியவர் அவருடைய அப்பா. பிள்ளை வளர்ந்தது பெரும்பாலும் பிரான்ஸில். பணத்துக்குப் பஞ்சமே இல்லாத வாழ்க்கை.

1866 டிசம்பரில், கடும் குளிரில் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடக்கும் பாய்மரப் படகுப் போட்டியில் தன் 'ஹென்ரியட்டா' படகோடு இறங்கினார். மொத்தம் 3 படகுகள், பந்தயத் தொகை 90 ஆயிரம் டாலர். கிறிஸ்துமஸ் அன்று இங்கிலாந்துக் கரையை முதலில் தொட்டது அவர் படகுதான். அதே போட்டியில் இன்னொரு படகில் இருந்த 6 மாலுமிகளைக் கடல் கொண்டுபோனது. வெற்றியைப் பேசுகிறவர்கள் இதை அவ்வளவாகப் பேசுவதில்லை.

செய்தி கிடைக்கும் வரை காத்திருக்காமல், செய்தியை உருவாக்குவது பென்னட்டின் பாணி. ஆப்பிரிக்காவில் தொடர்பில்லாமல் போன லிவிங்ஸ்டனைத் தேட ஸ்டான்லி என்ற நிருபரை அனுப்பியவர் இவர்தான். 1871-ல் ஸ்டான்லி அவரைக் கண்டுபிடித்தது உலகம் முழுக்கப் பேசப்பட்டது. பென்னட்டுக்கு ஆந்தை மேல் அப்படி ஒரு ஆசை. ஹெரால்டு கட்டடத்தின் உச்சியில் கூட ஆந்தைச் சிலைகள் வைத்தார். பிற்காலத்தில் வாங்கிய சொகுசுக் கப்பலில் தினமும் ஃப்ரெஷ் பால் வேண்டும் என்று மாட்டுக்கே தனி இடம் ஒதுக்கினார்!

ஆனா இதே ஆட்டம்தான் அவரை ஊரை விட்டே துரத்தியது. 1877 புத்தாண்டு அன்று, நிச்சயம் செய்திருந்த பெண்ணின் வீட்டு விருந்துக்குக் குடித்துவிட்டுப் போன பென்னட், எல்லோர் முன்னாலும் சிறுநீர் கழித்துவிட்டார். கல்யாணம் நின்றது. பெண்ணின் அண்ணன் தெருவில் வைத்து சாட்டையால் அடிக்க, விஷயம் துப்பாக்கிச் சண்டை வரை போனது. இருவருக்கும் காயமில்லை. அதோடு பாரிஸில் குடியேறிய பென்னட், நியூயார்க் பத்திரிகையைத் தந்தியிலேயே நடத்தினார். 1887-ல் பாரிஸ் பதிப்பையும் தொடங்கினார்.

கோப்பையும் அந்த ரூலும்

1890-களில் கார் உலகின் தலைநகரம் பாரிஸ்தான். அங்கேயே இருந்த பென்னட்டுக்கு இந்தப் புதிய வண்டி பிடித்துப்போனது. 1899-ல் நாடுகளுக்கு இடையிலான கார் பந்தயத்துக்கு ஒரு கோப்பையை அறிவித்தார். ஒரு நாட்டுக்கு அதிகபட்சம் 3 கார்கள்தான். காரின் ஒவ்வொரு பாகமும் அந்த நாட்டிலேயே செய்யப்பட்டிருக்க வேண்டும். ஜெயித்த நாடு அடுத்த ஆண்டு ரேஸை நடத்த வேண்டும்.

படகுப் போட்டிகளில் பழகிய ஒருவர் யோசிக்கிற ரூல் இது என்பது நம் எண்ணம். கடலில் யாரிடமும் சாலை கேட்க வேண்டாம். காருக்கு அப்படி இல்லையே! ஊர், சட்டம், போலீஸ், ரோட்டோரத்தில் மேயும் மாடு எல்லாம் இருக்கிறது.

1900, 1901 இரண்டு ஆண்டும் பிரான்ஸே ஜெயித்ததால் பிரச்னை வெளியே தெரியவில்லை. 1902-ல் பாரிஸில் இருந்து ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் வரை நடந்த ரேஸில் 'நேப்பியர்' கார் ஓட்டிய செல்வின் எட்ஜ் கோப்பையை பிரிட்டனுக்குக் கொண்டுபோனார். அப்போதுதான் நாம் ஆரம்பத்தில் சொன்ன சிக்கல் வந்தது.

ஏன் அயர்லாந்து?

இங்கிலாந்தில் வாய்ப்பே இல்லை என்றதும் பிரிட்டன் ஆட்டோமொபைல் கிளப்பின் கண் அயர்லாந்து பக்கம் திரும்பியது. அப்போது அயர்லாந்து முழுவதும் பிரிட்டன் ஆட்சியில்தான் இருந்தது. வேக வரம்பு அங்கேயும் உண்டு. ஆனா சமவெளி, நேரான சாலை, மக்கள் நெருக்கம் குறைவு.

கிளப்பின் செயலாளர் கிளாட் ஜான்சன் கடிதம் எழுதத் தொடங்கினார். எம்.பி-க்கள், பத்திரிகைகள், மாவட்ட கவுன்சில்கள், ரயில்வே கம்பெனிகள், ஹோட்டல்காரர்கள், பாதிரியார்கள் என்று ஒருவரையும் விடவில்லை. கூட்டம் வந்தால் வியாபாரம் நடக்கும் என்ற கணக்கு எல்லோருக்கும் புரிந்தது. மற்ற எல்லாவற்றிலும் மோதிக்கொண்ட அயர்லாந்து அரசியல் தரப்புகள் இதில் மட்டும் ஒத்துப்போயின. 1903-ல் இந்த ரேஸுக்காகவே பிரிட்டன் நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டது. ஒரு கோப்பைக்காக ஒரு சட்டம்!

தேதி ஜூலை 2 என்று முடிவானது. ஆனா மே 24-ல் தொடங்கிய பாரிஸ்–மாட்ரிட் ரேஸ் ரத்தக்களறியானது. டிரைவர்கள், மெக்கானிக்குகள், வேடிக்கை பார்த்தவர்கள் எனப் பலர் இறந்தனர். ரெனோ கார் நிறுவனத்தைத் தொடங்கிய சகோதரர்களில் ஒருவரான மார்செல் ரெனோவும் அதில் ஒருவர். பிரான்ஸ் அரசு ரேஸை போர்டோ நகரிலேயே நிறுத்தியது. இனி அயர்லாந்தில் நடக்குமா என்பதுதான் அடுத்த கேள்வி.

நடந்தது. ஆனா முறை மாறியிருந்தது. நகரத்தில் இருந்து நகரத்துக்கு ஓடாமல், ஆத்தை என்ற ஊரை ஒட்டி 8 போன்ற வடிவில் இரண்டு வளையங்களாகப் பாதை. மூடப்பட்ட சாலை. வழியெங்கும் போலீஸ், சுமார் 7,000 பேர். ஊர்களுக்குள் நுழையும்போது காருக்கு முன்னால் ஒரு சைக்கிள்காரர் போவார்; அவர் பின்னாலேயே கார் மெதுவாக ஊர வேண்டும், அந்த நேரம் கணக்கில் வராது. 19 கி.மீ வேக வரம்பு வைத்த நாட்டுக்கு இது பொருத்தமான காட்சிதான்.

4 நாடுகள், 12 கார்கள், சுமார் 527 கி.மீ. ஜெர்மனிக்காக மெர்சிடிஸ் தயாராக வைத்திருந்த கார்கள் சில வாரங்களுக்கு முன்புதான் தொழிற்சாலைத் தீயில் எரிந்து போயிருந்தன. ஒரு வாடிக்கையாளரிடம் இரவல் வாங்கிய குறைந்த சக்தி காரை ஓட்டித்தான் பெல்ஜியத்தைச் சேர்ந்த காமில் ஜெனட்ஸி ஜெயித்தார். பெரிதாக யாருக்கும் எதுவும் ஆகவில்லை. சாலையை மூடி, வட்டமடித்து ஓடினால் ரேஸ் பிழைக்கும் என்பது அங்கே கண் முன்னால் தெரிந்தது. அயர்லாந்துக்கு மரியாதையாக பிரிட்டன் கார்களுக்கு அன்று பூசிய பச்சைதான், பின்னாளில் பிரிட்டனின் ரேஸிங் நிறமாக நிலைத்தது என்று சொல்வார்கள்.

ரூலே வில்லனானது எப்படி?

1904-ல் ரேஸ் ஜெர்மனிக்குப் போனது. மன்னர் இரண்டாம் வில்ஹெல்ம் நேரில் வந்து பார்த்தார். ஜெயித்தது பிரான்ஸின் லியோன் தெரி. 1905-ல் பிரான்ஸின் ஓவர்ன் மலைப்பகுதி, மறுபடியும் தெரிதான்.

இங்கேதான் பிரான்ஸுக்குக் கோபம். உலகிலேயே அதிக கார் கம்பெனி வைத்திருக்கும் நாங்களும் 3 கார், ஓரிரு கம்பெனி வைத்திருக்கும் நாடும் 3 காரா? அந்த 3 பேரைத் தேர்வு செய்யவே 20-க்கும் மேற்பட்ட கார்களை வைத்துத் தனி ரேஸ் நடத்த வேண்டியிருந்தது. நியாயமான கோபம்தான். ஆனா சின்ன நாட்டுக்கும் சமமான இடம் தந்தது அதே ரூல்தான் என்பதையும் பார்க்க வேண்டும்.

பிரான்ஸ் கிளப் கோப்பையைக் கைவிட்டது. 1906-ல் சொந்தமாக 'கிராண்ட் பிரிக்ஸ்' என்ற ரேஸை அறிவித்தது. அதை எங்கே நடத்துவது என்பதற்குப் பல ஊர்கள் போட்டி போட்டன. பணமும் பாதையும் காட்டி லெ மான் ஜெயித்தது. ஜெயித்தவர் வீட்டுக்கு ரேஸ் போன காலம் அதோடு முடிந்தது.

பென்னட் சண்டைக்குப் போகவில்லை. அதே 1906-ல் பாரிஸில் பலூன் பந்தயத்தைத் தொடங்கினார். 1909-ல் விமானப் பந்தயம். இரண்டிலும் அதே பழைய ரூல்!

1914-ல், 73 வயதில், ராய்ட்டர்ஸ் நிறுவனக் குடும்பத்து மருமகளாக இருந்து கணவரை இழந்த மாட் பாட்டரைக் கல்யாணம் செய்தார். 1918 மே 14-ல் பிரான்ஸின் தெற்குக் கடற்கரை ஊரான போலியூவில் இறந்தார். 77 வயது முடிந்து 4 நாட்கள். 1920-ல் ஹெரால்டு வேறு கைக்குப் போனது.

பலூன் போட்டி மட்டும் இன்றும் அவர் பெயரில் நடக்கிறது. அதிர்ச்சியானால் இங்கிலாந்துக்காரர்கள் அவர் பெயரைச் சொல்லிக் கத்துவதும் உண்டு. ஃபிரெஞ்ச் ஓபன் டென்னிஸ் நடக்கும் ரோலாண் கரோஸ் மைதானம் இருக்கிறதே, அது இருக்கும் பாரிஸ் சாலையின் பெயர் கார்டன் பென்னட் அவென்யூ.