ஸ்டீவ் மெக்குயினும் எங்க வீட்டு ஷீட்டும்

மெக்குயின்னு சொன்னதும் கார்ஸ் படத்து சிவப்பு கார்தான் உங்களுக்கும் ஞாபகம் வருதா? அந்த கார் பேர் க்ளென் மெக்குயின் என்ற பிக்ஸார் அனிமேட்டர் நினைவா வெச்சது. நான் சொல்ற ஸ்டீவ் மெக்குயின் வேற. 1968ல் வந்த புல்லிட் படத்துல சான்பிரான்சிஸ்கோ மேட்டுத் தெருவுல பச்சை மஸ்டாங் பறக்குமே, அந்த ஹீரோ.

1930ல் அமெரிக்காவின் இண்டியானாவில் பிறந்தார். அப்பா குழந்தையிலேயே விட்டுட்டுப் போயிட்டார். ஊர் சுத்தி, வம்புல மாட்டி, கடைசியில சீர்திருத்தப் பள்ளி. 17 வயசுல, 1947ல், மரைன் படையில சேர்ந்தார். அங்கே கப்பல் இன்ஜின் ரூம்ல பைப் மேல சுத்தியிருந்த உறையை உரிச்சு எடுக்குற வேலையும் பார்த்தார். அந்த உறை கல்நார். நம்ம ஊர் பாஷையில ஆஸ்பெட்டாஸ்.

இன்ஜினியர்களுக்கு இது ரொம்பப் பிடிச்ச பொருள். எரியாது, சூட்டைக் கடத்தாது, இழுத்தாலும் அறுகாது, விலையும் கம்மி. பிரச்சனை அதோட நார்ல இருக்கு. உடைக்க உடைக்க கண்ணுக்குத் தெரியாத ஊசிகளா பிரியும். மூச்சுல போனா நுரையீரலோட ஓரம் வரைக்கும் போகும். உடம்பால அதைக் கரைக்கவும் முடியாது, வெளியே தள்ளவும் முடியாது. நுரையீரலைச் சுத்தியிருக்கிற மெல்லிய உறையில வருஷக்கணக்கா புண்ணாக்கிட்டே இருக்கும். அந்த உறையில வர்ற புற்றுநோய்தான் மீசோதிலியோமா. தெரிய வர 20, 30, சில பேருக்கு 50 வருஷம்கூட ஆகும்.

மெக்குயினுக்கு இது எதுவும் தெரிய வாய்ப்பே இல்ல. தென்னாப்பிரிக்காவில் வாக்னர் என்ற டாக்டரும் அவர் குழுவும் 33 நோயாளிகளை வெச்சு இந்தத் தொடர்பை எழுதினது 1960ல் தான். அந்த 33 பேர்ல சிலர் சுரங்கத்துல வேலையே பார்க்காதவங்க, சின்ன வயசுல பக்கத்துல வளர்ந்தவங்க. எனக்கு தூக்கி வாரிப்போட்ட விஷயம் இதுதான்.

அதுக்கப்புறம் அவர் பெரிய ஸ்டார் ஆனார். தி கிரேட் எஸ்கேப், பாப்பில்லான், டவரிங் இன்ஃபெர்னோ. நிஜ ரேஸும் ஓட்டினார். அப்போ தீ பிடிக்காம இருக்க போடுற ரேஸ் டிரெஸ்லயும் கல்நார் இருந்தது. எதனால நோய் வந்ததுன்னு இன்னிக்கு யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது, கப்பல் பைப் மேலதான் சந்தேகம் அதிகம்.

1978ல் இருமல் ஆரம்பிச்சு நிக்கல. நிறைய சிகரெட் பிடிப்பவர், ஆனா மீசோதிலியோமா சிகரெட்டால வர்ற நோய் இல்ல. 1979 டிசம்பர்ல நோய் என்னன்னு தெரிஞ்சது. அமெரிக்க டாக்டர்கள் கை விரிச்சதும் மெக்சிகோ போனார். லைசென்ஸ் இழந்த ஒரு பல் டாக்டர் சொன்ன வைத்தியம்: காபி எனிமா, ஆப்ரிகாட் கொட்டையில எடுத்த மருந்து. அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரல. எங்க தெருவுலயும் ஆஸ்பத்திரி கைவிட்டவங்களை யாராவது ஒருத்தர் வேற எங்கேயோ கூட்டிட்டுப் போகத்தான் செய்றாங்க. 1980 நவம்பர் 7, கட்டி எடுக்கிற ஆபரேஷன் முடிஞ்ச சில மணி நேரத்துல இதயம் நின்னு போச்சு. வயசு 50.

இந்தியாவுல கல்நார் இன்னும் இறக்குமதி ஆகுது. கல்நார் தொழிலாளியோட உடல்நலப் பதிவை வேலையில சேர்ந்ததிலிருந்து குறைஞ்சது 40 வருஷம் பாதுகாக்கணும்னு 1995ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. ஃபேக்டரிக்கு அது சரி. திண்டிவனத்துல தினக்கூலிக்கு ஷீட் போடுறவருக்கு யார் பதிவு வெப்பாங்க?

எங்க மாமா அந்த வேலைதான். 2024 ஃபெஞ்சல் புயல்ல விழுப்புரம், திண்டிவனம் பக்கம் எத்தனை கூரை போச்சுன்னு உங்களுக்கே தெரியும். அந்த மாசம் முழுக்க அவர் கிரைண்டர்ல ஷீட் அறுத்தார், லீவுல போன நான் மறுமுனையைப் பிடிச்சேன். ரெண்டு பேர் புருவமும் வெள்ளை. கூரையில சும்மா கிடக்கிற ஷீட்டால பெரிய ஆபத்து இல்ல, அறுக்கும்போதும் உடைக்கும்போதும்தான் நார் பறக்கும். ஒரு மாசம் பிடிச்ச எனக்கு வாய்ப்பு குறைவு. 22 வருஷமா அறுக்கிற அவர் கணக்கு வேற.

போன ஞாயிறு மாட்டுக் கொட்டகைக்கு ஷீட் போடணும்னு கூப்பிட்டார். மெடிக்கல்ல என்95 மாஸ்க் ரெண்டு வாங்கிட்டுப் போனேன். இன்ஜினியர் மாப்ள வந்துட்டாருன்னு சிரிச்சார், மாஸ்க் போட்டா மூச்சு முட்டுதுன்னு கழட்டி பாக்கெட்ல வெச்சுக்கிட்டார். கிரைண்டரை மட்டும் எடுக்க விடல. கை ரம்பத்துல அவர் அறுக்க, நான் பக்கத்துல நின்னு குடத்துல இருந்து தண்ணி ஊத்திட்டே இருந்தேன். ரெண்டு மடங்கு நேரம் ஆச்சு. திட்டிக்கிட்டேதான் அறுத்தார்.