எட்வர்ட் ஆர். மரோ

எட்வர்ட் ஆர். மரோ (ஏப்ரல் 25, 1908 – ஏப்ரல் 27, 1965) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த வானொலி, தொலைக்காட்சிச் செய்தியாளர் ஆவார். இரண்டாம் உலகப் போரை வானொலி வழியாகவும் கொரியப் போரைத் தொலைக்காட்சி வழியாகவும் அமெரிக்க மக்களின் வீடுகளுக்குக் கொண்டு சேர்த்தவர்களுள் முதன்மையானவர். போரைப் பற்றி மக்கள் எதை அறியலாம் என்பதில் செய்தியாளர், ஊடக நிறுவனம், அரசு ஆகியவற்றுக்கிடையே எழும் முரண்பாட்டில் இவர் வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு பக்கங்களில் நின்றார்.

இளமை

இவர் வட கரொலைனா மாநிலத்தின் கிரீன்ஸ்பரோ நகருக்கு அருகே குவேக்கர் குடும்பமொன்றில் பிறந்தார். சிறு வயதிலேயே இவரது குடும்பம் வாசிங்டன் மாநிலத்திற்குக் குடிபெயர்ந்தது. 1930 இல் வாசிங்டன் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1935 இல் சிபிஎஸ் ஒலிபரப்பு நிறுவனத்தில் சேர்ந்தார். 1937 இல் அதன் ஐரோப்பியப் பொறுப்பாளராக இலண்டன் சென்றார்.

வானொலியில் போர்

1940 இல் ஜெர்மானிய வான்படை இலண்டன் மீது குண்டு வீசியபோது, கட்டடக் கூரைகளில் நின்று தாம் கண்டதையும் கேட்டதையும் ஒலிபரப்பினார். அப்போது அமெரிக்கா போரில் இறங்கியிருக்கவில்லை. தொலைவில் நடக்கும் பிறர் சண்டையாகக் கருதப்பட்ட போர், இலண்டன் மக்களின் அன்றாடத் துன்பமாக அமெரிக்கர்களுக்குப் புலப்பட இவ்வொலிபரப்புகள் பெரிதும் உதவின. 1943 டிசம்பரில் குண்டுவீச்சு வானூர்தியொன்றில் பெர்லின் வரை பறந்து திரும்பி, அத்தாக்குதலை விவரித்தார். 1945 ஏப்ரலில் புக்கன்வால்ட் வதைமுகாம் விடுவிக்கப்பட்ட மறுநாள் அங்கு சென்று, தாம் கண்டதை உலகிற்கு அறிவித்தார்.

கொரியப் போரும் தொலைக்காட்சியும்

1950 இல் கொரியாவிலிருந்து இவர் அனுப்பிய ஒரு செய்தி, படைத் தலைமையைக் குறை கூறியது. சிபிஎஸ் நிறுவனம் அதனை ஒலிபரப்பாமல் நிறுத்தி வைத்தது.

1951 நவம்பர் 18 அன்று, பிரெட் பிரெண்ட்லியுடன் இணைந்து "சீ இட் நவ்" (இப்போதே பாருங்கள்) என்னும் தொலைக்காட்சி நிகழ்ச்சியைத் தொடங்கினார். 1952 டிசம்பரில் இந்நிகழ்ச்சிக்காகப் படப்பிடிப்புக் குழுக்களுடன் மீண்டும் கொரியா சென்றார். கிறித்துமசு காலத்தில் ஒளிபரப்பான அந்த ஒரு மணி நேர நிகழ்ச்சியில் படை நகர்வுகளும் வெற்றி தோல்விக் கணக்குகளும் முதன்மை பெறவில்லை. உறைந்த நிலத்தைத் தோண்டும் வீரரும், வீட்டை நினைத்துப் பேசும் இளைஞர்களும் திரையில் தோன்றினர். போர் வரைபடத்தில் அம்புக்குறிகளாக அறியப்பட்ட படைகளுக்கு இதனால் முகமும் குரலும் கிடைத்தன.

1954 மார்ச் 9 அன்று, செனட்டர் ஜோசப் மெக்கார்த்தியின் பேச்சுகளடங்கிய படச்சுருள்களைக் கொண்டே அவரது போக்கை விமர்சித்தார். மெக்கார்த்தியின் செல்வாக்குச் சரிந்ததற்கு இந்நிகழ்ச்சியும் ஒரு காரணமாகக் கூறப்படுகிறது. "சீ இட் நவ்" 1958 இல் நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு சிகாகோவில் ஆற்றிய உரையில், தொலைக்காட்சி வெறும் பொழுதுபோக்குக் கருவியாக மாறுவதைக் கண்டித்தார்.

அரசுப் பணி

1961 இல் அதிபர் கென்னடி இவரை ஐக்கிய அமெரிக்கத் தகவல் முகமையின் இயக்குநராக நியமித்தார். அமெரிக்காவின் கொள்கைகளை வெளிநாடுகளில் எடுத்துரைப்பது இம்முகமையின் பணியாக இருந்தது. இடம்பெயரும் பண்ணைத் தொழிலாளர்களின் வறுமை குறித்துத் தாமே 1960 இல் வழங்கிய ஆவணப்படத்தை ஒளிபரப்ப வேண்டாம் எனப் பொறுப்பேற்ற சில வாரங்களிலேயே பிபிசியைக் கேட்டுக்கொண்டார். பிபிசி அதனை ஏற்கவில்லை. முன்பு தம் செய்தி தடுக்கப்படுவதைக் கண்டவர், இப்போது தம் படைப்பையே தடுக்க முயன்றது விமர்சனத்திற்கு உள்ளானது.

மறைவு

தொடர்ந்து புகைபிடிக்கும் பழக்கமுடைய மரோ, நுரையீரல் புற்றுநோய் காரணமாக 1964 இல் பதவி விலகி, 57 ஆவது வயதில் காலமானார். 1965 ஆகத்தில், வியட்நாமின் காம் நே கிராமத்தில் அமெரிக்கப் படையினர் குடிசைகளுக்குத் தீ வைக்கும் காட்சியை சிபிஎஸ் ஒளிபரப்பியது. அரசு கடுஞ்சினம் கொண்டது.