காயிதே மில்லத்தும் ஆட்சிமொழி வழக்கும்

காயிதே மில்லத் என்னும் திருநாமத்தைக் கேட்டறியாத தமிழ் முஸ்லிம் குடும்பம் மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ இருக்குமென நாம் எண்ணவில்லை. அன்னாரைப் பற்றிப் பேச எழுகின்றவர்கள் ஒரு செய்தியை மட்டும் தவறாமல் சொல்லுகிறார்கள். இந்திய அரசியல் நிர்ணய சபையில் தமிழே ஆட்சிமொழியாக வேண்டுமென்று வாதாடிய ஒரு முஸ்லிம் அவர் என்பதே அது. கேட்போர் கைதட்டுகிறார்கள், பேச்சும் அத்துடன் முடிந்து விடுகிறது. அச்செய்தியில் பாதிதான் சொல்லப்படுகிறது. மறுபாதியையும் சேர்த்துச் சொன்னால் அன்னாரின் பெருமை குறையாது, கூடும் என்பது நம் கருத்து.

மர்ஹூம் முகம்மது இஸ்மாயில் சாகிப் அவர்கள் 1896ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள் திருநெல்வேலியை அடுத்த பேட்டையில் பிறந்தார்கள். தந்தையார் மியாகான் ராவுத்தர். ராவுத்தர் வீட்டுப் பிள்ளைக்குத் தாய்ப்பாலுடன் வந்த மொழி தமிழ் என்று நம்மவர்க்கு நாம் சொல்லத் தேவையில்லை. ஆனால் வடநாட்டில் இதை விளக்கித்தான் சொல்ல வேண்டியிருந்தது. முஸ்லிம் என்றால் உருதுதான் பேசுவான் என்று அங்கே பலர் நினைத்திருந்தனர். உமறுப் புலவர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றைச் சீறாப்புராணமாகத் தமிழில் பாடி முந்நூறு ஆண்டுகள் ஆகிவிட்டன என்பதை அவர்கள் எங்கே கேட்டிருக்கப் போகிறார்கள்!

திருநெல்வேலியிலும், பிறகு திருச்சியிலும் சென்னையிலும் கல்லூரிப் படிப்பு நடந்தது. 1920இல் காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கம் எழுந்தபோது, பட்டத்திற்குரிய பரீட்சையை எழுதாமல் வெளியேறியவர் இஸ்மாயில் சாகிப். பின்னர் தோல் வணிகத்தில் ஈடுபட்டு நல்ல நிலைக்கு வந்தார். முஸ்லிம் லீகில் சேர்ந்து பணியாற்றி, 1946இல் சென்னைச் சட்டசபையின் எதிர்க்கட்சித் தலைவரானார்.

1947இல் நாடு பிரிந்தது. லீகின் பெருந்தலைவர்கள் பலரும் பாகிஸ்தானுக்குப் போய்விட்டனர். இந்தியாவில் எஞ்சிய கோடிக்கணக்கான முஸ்லிம்களுக்கு அது நெருக்கடியான காலம். லீகைக் கலைத்துவிடு என்று சர்க்கார் பக்கத்திலிருந்தும், தம்மவர் பக்கத்திலிருந்தும் நெருக்குதல் வந்தது. அச்சமயத்தில், 1948 மார்ச் 10ஆம் நாள், இன்று ராஜாஜி மண்டபம் எனப்படும் சென்னை மண்டபத்தில் கூட்டம் கூட்டி, இந்திய யூனியன் முஸ்லிம் லீக் என்று புதுப்பெயர் சூட்டி, அதன் தலைமைப் பொறுப்பைத் தம் தோளில் ஏற்றுக்கொண்டார். அன்று அது பதவியல்ல, பாரம்.

அரசியல் நிர்ணய சபையிலும் அவருக்கு இடம் கிடைத்தது. அங்கே அவர் கொண்டுவந்த திருத்தப் பிரேரணைகளில் பல தோற்றன. எந்த வகுப்பாரும் தம் தனிச் சட்டத்தைக் கைவிட வேண்டுமென நிர்ப்பந்திக்கப்படலாகாது என்று 1948 நவம்பரில் கேட்டார், சபை ஏற்கவில்லை. முஸ்லிம்களுக்குத் தனித்தொகுதி வேண்டுமென்று கேட்டார், அதுவும் ஏற்கப்படவில்லை. பெரும்பான்மையின் கை ஓங்கியிருந்த சபை அது. ஒவ்வொரு முறையும் எழுந்து, சினமின்றித் தம் வாதத்தைச் சொல்லி, தோல்வியையும் ஏற்று அமர்ந்தார்.

1949 செப்டம்பர் 12 முதல் 14 வரை ஆட்சிமொழி விவாதம் நடந்தது. அந்தச் சபையில் இவ்வளவு சூடேறிய விவாதங்கள் குறைவு. தேவநாகரி எழுத்தில் இந்தி, சர்வதேச வடிவில் எண்கள், பதினைந்து ஆண்டுகள் வரை ஆங்கிலமும் தொடரும் என்று முன்ஷியும் கோபாலசாமி ஐயங்காரும் ஓர் உடன்பாட்டை வகுத்திருந்தனர். இந்திக்காரர்களில் கடுமையானவர்களுக்கு எண்கள்கூட நாகரியில் இருந்தாக வேண்டும். 1, 2, 3 என்று நாம் எழுதும் இவ்வெண்களை ஐரோப்பியர் அரபு எண்கள் என்பர். அரபிகளோ தம் எண்களை இந்திய எண்கள் என்பர். இந்த எண்களுக்காக இந்தியர்களே இந்தியத் தலைநகரில் மல்லுக்கு நின்ற காட்சி நமக்கு இன்றும் விந்தையாகவே இருக்கிறது.

அந்த விவாதத்தில் இஸ்மாயில் சாகிப் எழுந்து கேட்டது எது? நாகரி, உருது ஆகிய இரண்டு எழுத்துகளிலும் எழுதப்படும் இந்துஸ்தானியே ஆட்சிமொழியாக வேண்டும் என்றுதான் அவர் வாதாடினார். இதுவே மேடைகளில் விடுபட்டுப் போகிற பாதி. அவர் காட்டிய ஆதாரம் காந்தியடிகள். வடநாட்டுச் சந்தையிலும் தெருவிலும் இந்துவும் முஸ்லிமும் ஒருவரோடொருவர் பேசும் எளிய மொழி இந்துஸ்தானி. அதை இரண்டு எழுத்திலும் கற்க வேண்டுமென்று தேசபிதா கடைசிவரை சொல்லி வந்தார். அவர் மறைந்து இரண்டாண்டுகூட நிறையாத வேளையில் அந்தக் கொள்கையைக் கைவிடுவது முறையா என்பது சாகிபின் கேள்வி.

அதற்கு எதிர்ப்பக்கத்தார் சொன்ன காரணங்களில் ஒன்று பழமை. நாகரியும் சமஸ்கிருதச் சொற்களும் இந்நாட்டின் தொன்மைக்குரியவை, உருது பின்னால் வந்தது என்றனர். இங்கேதான் தமிழ் வந்தது. பழமைதான் அளவுகோல் என்றால், இந்த மண்ணில் பேசப்படும் மொழிகளில் மிகப் பழையவை திராவிட மொழிகள். அவற்றுள்ளும் தொன்மையான இலக்கியம் உடையது தமிழ். எந்தச் சரித்திர ஆசிரியரும் இதை மறுக்க மாட்டார். அது என் தாய்மொழி, அதை நேசிக்கிறேன், அதில் பெருமை கொள்கிறேன் என்னும் கருத்துப்பட அவர் பேசினார். நீங்கள் ஏந்திய அளவுகோலை நேர்மையாக வைத்து அளந்தால் முடி என் மொழிக்குத்தான் வரும் என்று காட்டினார்.

தம் வீட்டில் பேசாத உருது எழுத்துக்காக ஒரு தமிழர் எழுந்து நிற்கிறார். நிற்கிற இடத்திலேயே தம் தமிழின் மூப்பையும் அச்சமின்றிச் சொல்லுகிறார். இவ்விரண்டும் ஒரே நெஞ்சில் இருந்தன. ஒன்றை மறைத்து மற்றதை மட்டும் காட்டுவது அன்னாருக்குச் செய்யும் மரியாதை ஆகுமா?

பிரேரணை தோற்றது. செப்டம்பர் 14ஆம் நாள் உடன்பாடு நிறைவேறி, 343ஆம் விதியாகச் சாசனத்தில் இடம்பெற்றது. எட்டாவது அட்டவணையில் 14 மொழிகள் எழுதப்பட்டன; தமிழும் உருதும் அவற்றில் உண்டு. சிந்திக்கு அன்று இடமில்லை, 1967இல்தான் கிடைத்தது. 1992இல் கொங்கணி, மணிப்பூரி, நேப்பாளி சேர்ந்து 18 ஆயின. 2003ஆம் ஆண்டுத் திருத்தத்தால் போடோ, டோக்ரி, மைதிலி, சந்தாலி நுழைந்து 22 ஆயின. 1961ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் மக்கள் தம் தாய்மொழியென்று சொன்ன பெயர்கள் 1,652. அட்டவணைக்கு வெளியே நின்றவை எத்தனை என்று வாசகர்களே கணக்கிட்டுக் கொள்ளலாம். சிங்கப்பூரில் தமிழ் நான்கு ஆட்சிமொழிகளுள் ஒன்றாய் இருப்பதைத் தினமும் கண்டு பழகிவிட்ட நமக்கு, சட்டப் புத்தகத்தில் ஒரு மொழியின் பெயர் ஏறுவதற்கு இவ்வளவு போராட்டமா என்று தோன்றலாம்.

1952 முதல் 1958 வரை ராஜ்ய சபையில் இருந்தார். 1956 நவம்பரில் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது, அதுவரை சென்னை ராஜ்யத்தில் இருந்த மலபார் கேரளத்துடன் சேர்ந்தது. லீகின் வலுவான களம் அதுவே. மொழியால் எல்லை கீறியபின் பேட்டை ராவுத்தருக்கு மலபாரில் என்ன வேலை என்று எவரும் கேட்கவில்லை. மலையாள மக்கள் மஞ்சேரித் தொகுதியிலிருந்து 1962, 1967, 1971 ஆகிய மூன்று தேர்தல்களிலும் அவரையே லோக் சபைக்கு அனுப்பினர். குடும்ப உறவோ மொழி உறவோ இல்லாத மக்கள் இவ்வாறு செய்வது எளிதன்று.

பதினைந்து ஆண்டுத் தவணை முடியும் 1965 ஜனவரி 26 நெருங்கியபோது தமிழகம் கொதித்தது. மாணவர் கிளர்ந்தனர், தீக்குளித்தவரும் துப்பாக்கிக்கு இரையானவரும் உண்டு. 1967 தேர்தலில் சென்னை மாநிலத்தில் திராவிட முன்னேற்றக் கழகத்துடன் முஸ்லிம் லீகும் கூட்டாக நின்றது, அண்ணா முதலமைச்சரானார். அவ்வாண்டின் இறுதியில் பாராளுமன்றம் ஆட்சிமொழிச் சட்டத்தைத் திருத்தியது. இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலங்களின் சட்டசபைகள் யாவும் இசைந்து தீர்மானம் செய்தாலன்றி, ஆங்கிலத்தை விலக்க முடியாது என்பது அதன் சாரம். 1949இல் சபை அவசரமாக முடித்த வழக்கு, பதினெட்டு ஆண்டுகள் கழித்து, உயிர்ப்பலி கொண்டபின் இப்படி ஒரு தவணை பெற்றது. அன்று தோற்ற பிரேரணைக்காரர் அந்த லோக் சபையில் ஓர் அங்கத்தினராய் அமர்ந்திருந்தார்.

செல்வமும் செல்வாக்கும் கையெட்டும் தூரத்தில் இருந்தும் குரோம்பேட்டை வீட்டில் எளிய வாழ்வே வாழ்ந்த காயிதே மில்லத் அவர்கள், 1972 ஏப்ரல் 5ஆம் நாள் சென்னையில் இறையடி சேர்ந்தார்கள். திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் ஜனாசா நல்லடக்கம் செய்யப்பட்டது. இரண்டாண்டுகளில், 1974இல், சென்னையில் அன்னாரின் பெயரால் அரசு மகளிர் கல்லூரி தோன்றியது. வாலாஜா பள்ளியோ உருது பேசிய ஆர்க்காட்டு நவாபு கட்டிய பள்ளி. அதன் நிழலில்தான் திருநெல்வேலித் தமிழர் துயில்கிறார். அன்னாரின் கபுறை அல்லாஹ் ஒளிமயமாக்கி வைப்பானாக. ஆமீன்.